இதய பம்ப் வைத்தவருக்கு வலி வந்தால்: ஓபியாய்டா, வேறு வழியா?

பல் பிடுங்கிவிட்டு வந்த அண்ணனின் கையில் இருந்த சீட்டில் இரண்டு மாத்திரைகள். ஒன்று ஐபுபுரூஃபன், தினம் மூன்று வேளை, ஐந்து நாளைக்கு. இன்னொன்று டிராமடால் என்ற ஓபியாய்டு, அதாவது அபின் குடும்பத்து வலி மருந்து, வலி தாங்க முடியாவிட்டால் மட்டும். வீட்டில் எல்லோர் கண்ணும் இரண்டாவதில் போய் நின்றது. ஐயோ, அது போதை மாத்திரை இல்லையா, பழகிவிட்டால் என்ன செய்வது, பேசாமல் முதல் மாத்திரையையே போட்டுக்கொள்ளட்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சாதாரண ஆளுக்கு அது நியாயமான பேச்சுதான். நெஞ்சுக்குள் பம்ப் ஓடுகிற ஆளுக்கு அப்படியே தலைகீழ். அந்தச் சீட்டில் முதலில் அடிக்க வேண்டியது ஐபுபுரூஃபனை. டிராமடாலும் நல்ல தேர்வு இல்லை, அதை அப்புறம் சொல்கிறேன், ஆனால் அன்றைக்கு அவரைக் குடல் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விட்டிருக்கக்கூடியது எல்லோரும் நம்பிய அந்த முதல் மாத்திரை.

நான் மருத்துவர் இல்லை. அண்ணனின் மருந்துப் பெட்டியை நிரப்புவதும், பேட்டரி சார்ஜ் போடுவதும், ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணை நோட்டில் எழுதுவதும் என் வேலை. வலிக்கு என்ன கொடுக்கலாம் என்ற கேள்வி வரும்போதெல்லாம் பம்ப் குழுவைக் கேட்டுக் கேட்டு, கிடைத்ததை எல்லாம் வாசித்து, எனக்குள் ஒரு கணக்கு உருவாகியிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். முடிவை உங்கள் பம்ப் குழுதான் எடுக்க வேண்டும், ஆனால் அவர்களிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

எல்விஏடி என்று சொல்லப்படும் இந்தப் பம்ப், இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தத்தை இழுத்துப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. 2001-ல் வெளிவந்த ரீமேட்ச் ஆய்வின்போது, பம்ப் வைத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 52 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 25 சதவீதம். இன்றைய ஹார்ட்மேட் 3 என்ற பம்ப் வைத்தவர்களில் ஐந்தாண்டு தாண்டுபவர்களே சுமார் 58 சதவீதம் என்று மொமென்டம் 3 ஆய்வு காட்டியது. வலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், முன்பு பம்ப் வைத்தவரின் வலி என்றால் அறுவை சிகிச்சைத் தழும்பின் வலிதான். இப்போது ஆள் பல வருடம் வாழ்கிறார், அதனால் முழங்கால் தேய்கிறது, முதுகு பிடிக்கிறது, பல் சொத்தையாகிறது, சர்க்கரை நோயில் கால் எரிகிறது. பத்து நாள் வலிக்கு எடுக்கும் முடிவும் பத்து வருட வலிக்கு எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்க முடியாது.

பம்ப் வந்ததும் உடம்பில் மூன்று விஷயங்கள் மாறுகின்றன, வலி மருந்துக் கணக்கு முழுக்க இந்த மூன்றில்தான் நிற்கிறது. முதலாவது ரத்தம். ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் போட்டு ஐ.என்.ஆரைப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருப்பார்கள். அது போதாதென்று, ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற நீளமான புரதச் சங்கிலிகளைப் பம்பின் வேகமே அறுத்துப்போடுகிறது, நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் ஓடும் இயந்திரம் வேறென்ன செய்யும். குடல் சுவரில் எளிதாகக் கசியும் ரத்தக்குழாய் முடிச்சுகளும் உருவாகின்றன. இரண்டாவது நாடித்துடிப்பு. ரத்தம் தொடர்ச்சியாக ஓடுவதால் பலருக்குக் கையில் நாடியே தென்படாது, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் எண்ணே காட்டாமல் போகலாம், காட்டினாலும் நம்ப முடியாது. மூன்றாவது, பம்ப் தாங்குவது இடது பக்கத்தை மட்டும். வலது பக்கம் தன் சொந்த பலத்தில்தான் ஓட வேண்டும், அது தளர்ந்தால் பம்புக்கு வந்து சேர ரத்தம் இருக்காது.

இப்போது மாத்திரைகளுக்கு வருவோம்.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன் கூட்டம். சுருக்கமாகச் சொன்னால், வேண்டாம். ரத்தத் தட்டுகளின் ஒட்டும் தன்மையைக் குறைக்கும், வயிற்றை அரிக்கும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதைக் குறைக்கும், உப்பையும் நீரையும் தேக்கி வலது இதயத்தின் சுமையைக் கூட்டும். வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லப்படும் செலிகாக்சிப் வகைக்கும் சிறுநீரகமும் நீர்த்தேக்கமும் அதே பிரச்சினைதான், ரத்தக்கட்டி ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். ஆஸ்பிரினையே எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப் வைத்த எல்லோருக்கும் வார்ஃபரினோடு ஆஸ்பிரினும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2023-ல் வந்த ஏரீஸ் ஆய்வில் ஹார்ட்மேட் 3 வைத்த 628 பேரில் பாதிப் பேருக்கு ஆஸ்பிரின் இல்லாமல் பார்த்தார்கள்: ரத்தக்கட்டிச் சிக்கல் கூடவில்லை, பெரிய ரத்தக்கசிவு 34 சதவீதம் குறைந்தது. சிறு அளவு ஆஸ்பிரினை நிறுத்தினாலே இவ்வளவு வித்தியாசம் என்றால், முழு அளவு டைக்ளோஃபினாக்கை மூன்று வேளை விழுங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இதில் மாட்டிக்கொள்வது தெரிந்தே போடுபவர்கள் இல்லை. சளி மாத்திரையிலும் தலைவலி மாத்திரையிலும் கலவையாக ஒளிந்து வருவதைப் படிக்காமல் போடுபவர்கள்தான்.

பாரசிட்டமால்தான் முதல் படி, அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் "அது ஒன்றும் செய்யாது" என்ற நினைப்போடு போடக் கூடாது. நாளுக்கு 2 கிராம் அல்லது அதற்கு மேல் சில நாள் தொடர்ந்து எடுத்தால் வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். ஏறலாம், அதனால் தொடர்ந்து போடுவதாக இருந்தால் பரிசோதனையை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். கல்லீரல் நீர்த்தேக்கத்தில் வீங்கியிருப்பவருக்கு உச்ச அளவையும் குறைத்துத்தான் சொல்வார்கள். இன்னொன்றை யாரும் சொல்லித்தரவில்லை, அனுபவத்தில் கற்றது: பாரசிட்டமால் காய்ச்சலை மறைக்கும். பம்பின் மின்கம்பி வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிற இடத்தில் தொற்று பிடிப்பது இவர்களுக்கு எப்போதும் உள்ள பயம், அதன் ஆரம்ப அடையாளமாக லேசான காய்ச்சல் மட்டும் இருக்கலாம். அதனால் எங்கள் வீட்டில் மாத்திரை வாய்க்குப் போகும் முன் தெர்மாமீட்டர் போகும். எண்ணை எழுதிய பிறகுதான் தண்ணீர் டம்ளர்.

சரி, ஓபியாய்டு. மார்ஃபின், கோடீன், டிராமடால், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில், மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் எல்லாம் அபின் குடும்பம், நேரடியாகப் பிறந்ததோ ஆய்வகத்தில் செய்ததோ. இவை ரத்தத்தட்டைத் தொடுவதில்லை, வயிற்றுப் புண் உண்டாக்குவதில்லை, உப்பைத் தேக்குவதில்லை. ஐபுபுரூஃபன் கதவு மூடியிருக்கும் வீட்டில் இதனால்தான் இந்தக் கதவு பக்கம் எல்லோரும் வருகிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாட்களில் இதைத் தவிர்ப்பது தைரியமும் இல்லை, நல்லதும் இல்லை. நெஞ்செலும்பைப் பிளந்து மூடியிருக்கிறார்கள். வலியில் ஆழமாக மூச்சிழுக்காமல், இருமாமல், எழுந்து நடக்காமல் படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியாவில் போய் முடியும். அந்த வாரத்துக்கு ஓபியாய்டு சரியான மருந்து. எந்த நாளில் அளவைக் குறைப்பது, எந்த நாளில் நிறுத்துவது என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். தேதி இல்லாத சீட்டுதான் மூன்று மாதம் கழித்தும் ஓடிக்கொண்டிருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், ஓபியாய்டின் எல்லோருக்கும் தெரிந்த பக்கவிளைவுகள் பம்ப் இருக்கிற உடம்பில் வேறு பாதையில் போகின்றன. மூச்சை எடுத்துக்கொள்வோம். அளவு கூடினால் மூச்சு மந்தமாகும், கரியமிலவாயு தேங்கும். தேங்கினால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அந்தச் சுருங்கிய குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ள வேண்டியது யார்? பம்பின் துணை இல்லாத அந்த வலது பக்கம். அது திணறினால் இடது பக்கம் நிறையாது, நிறையாத அறையிலிருந்து பம்ப் இழுத்துக்கொண்டே இருக்கும், கடைசியில் இதயச் சுவரையே உறிஞ்சிப் பிடிக்கும். ஹார்ட்மேட் 3-ல் ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 2.5 லிட்டருக்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும். அலாரத்தைக் கேட்டவர் பம்பில் கோளாறு என்று நினைப்பார், மாத்திரையை யாரும் நினைக்க மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க மற்ற வீடுகளில் இருக்கிற கருவியும் இங்கே கைவிடும். ஆக்ஸிமீட்டர் எண்ணை நம்ப முடியாது என்று சொன்னேன் அல்லவா, அதோடு ஆக்ஸிஜன் குழாய் மாட்டியிருந்தால் எண் நன்றாகவே இருக்கும், உள்ளே கரியமிலவாயு ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே கண்ணால் பார்த்து மூச்சை எண்ணுவதுதான் வழி. போர்வையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது, மந்தமான மூச்சு சீராக வராது. பத்துக்குக் கீழே போய், கூப்பிட்டாலும் சரியாக விழிக்கவில்லை என்றால் அவசர உதவியைக் கூப்பிட வேண்டிய நேரம். இதயப் பலவீனம் உள்ளவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு ஏற்கனவே இருக்கும், ஓபியாய்டு அதையும் மோசமாக்கும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அரைத்தூக்கமே தனி ஆபத்து. வீட்டுக்கு வந்த முதல் வாரம், ஆக்ஸிகோடோன் போட்டு ஒரு மணி நேரம் இருக்கும், அண்ணன் தானே பேட்டரி மாற்றுகிறேன் என்று உட்கார்ந்தார். இரண்டு பேட்டரி இருக்கும், ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டி, அது பிடித்துவிட்டது என்று உறுதி செய்த பிறகே இன்னொன்றைத் தொட வேண்டும், பயிற்சியில் இருபது தடவை செய்து காட்டியவர்தான். நான் திரும்பிப் பார்க்கிறேன், ஒரு பேட்டரி கழன்று மடியில் கிடக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது, கை இரண்டாவதைக் கழற்றப் போகிறது. பம்பை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் 15 நிமிடம் தாங்கும் அவசர பேட்டரி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் அதெல்லாம் ஞாபகம் வரவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து மாத்திரை போட்ட நான்கு மணி நேரத்துக்குள் பேட்டரியை வேறு ஆள்தான் மாற்ற வேண்டும், தூங்கப் போகும் முன் சுவர் மின்சாரத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. பேட்டரியில் தூங்கக் கூடாது என்பது எல்லாப் பம்ப் நோயாளிக்கும் உள்ள விதி, ஓபியாய்டு போட்டவருக்கு அது இரட்டை விதி.

இன்னும் உண்டு. மார்ஃபின் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும், பம்புக்குத் திரும்பி வரும் ரத்தமும் குறையும். குமட்டலும் வாந்தியும் வந்தால் உடம்பு வறண்டு மறுபடி அதே குறை ஓட்ட அலாரம், சாப்பாடு குறைந்ததால் ஐ.என்.ஆரும் தடம் மாறும். மலச்சிக்கலை அற்பமாக நினைப்பார்கள், ஆனால் இதய நோயாளிக்குத் தண்ணீர் அளவே கட்டுப்பாட்டில் இருப்பதால் அதிகத் தண்ணீர் குடியுங்கள் என்ற வழக்கமான ஆலோசனை இங்கே செல்லாது, நார்ச்சத்துப் பொடியும் தண்ணீர் இல்லாமல் குடலில் கட்டிப்போகும். வார்ஃபரினில் இருப்பவர் முக்கி மூலத்தில் ரத்தம் வரவழைத்துக்கொள்வது யாருக்கும் வேண்டாத வேலை. முதல் ஓபியாய்டு மாத்திரையோடு சென்னா போன்ற மலமிளக்கியும் அதே நாளில் தொடங்க வேண்டும், மூன்றாம் நாள் சிக்கல் வந்த பிறகு இல்லை.

அப்புறம், தூங்கி வழிகிற எல்லோரையும் மாத்திரையின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. வார்ஃபரினில் இருக்கும் பம்ப் நோயாளிக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்தாலும் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார். பேச்சு குழறுகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, தலைவலி என்றார், அல்லது நேற்று இதே அளவில் தெளிவாக இருந்தவர் இன்று இப்படி என்றால், உடனே சி.டி. ஸ்கேன். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது, பம்ப் அதற்கு இடம் கொடுக்காது.

ஒரேயடியாக அதிகமாகிவிட்டால், ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலாக்ஸோன் கொடுக்கலாமா? கொடுக்க வேண்டும். ஆனால் மருத்துவமனையில் என்றால் சிறு சிறு அளவாக ஏற்றுவதுதான் நல்லது, திடீரென்று முழுவதும் முறித்தால் ரத்த அழுத்தம் எகிறும், எதிரே அழுத்தம் எகிறினால் பம்பின் ஓட்டம் சரியும். வெளியில் மயங்கிக் கிடந்தால் இன்னொரு குழப்பம்: நாடி பார்ப்பவர் நாடியே இல்லை என்று இறந்துவிட்டதாக நினைப்பார். நெஞ்சில் காது வைத்தால் அல்லது ஸ்டெதஸ்கோப் வைத்தால் பம்பின் ரீங்காரம் கேட்கும். அமெரிக்க இதய சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது, மூச்சையும் தோலின் நிறத்தையும் பார், பம்ப் ஓடுகிறதா என்று கேள், இணைப்புகளைச் சரிபார், பிறகு மற்றது. பம்ப் ஓடுகிறது, ஆள் மூச்சுவிடவில்லை என்றால் முதல் தேவை காற்று.

ஓபியாய்டுகளுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அதனால் "ஓபியாய்டு சரியா" என்பதைவிட "எது" என்ற கேள்வி முக்கியம். இந்த நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகம் ஏற்கனவே அடிவாங்கியிருக்கும், மார்ஃபினும் கோடீனும் உடைந்து உண்டாகும் பொருட்கள் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியவை, தேங்கினால் நேற்று சரியாக இருந்த அளவு இன்று அதிகமாகிவிடும். கோடீனுக்கு இன்னொரு குறையும் உண்டு, அது உடம்பில் மார்ஃபினாக மாறினால்தான் வேலை செய்யும், அந்த மாற்றம் ஆளுக்கு ஆள் வேறுபடும், சிலருக்கு ஒன்றுமே ஆகாது, சிலருக்கு எதிர்பாராத அளவு ஏறும். டிராமடால் மென்மையானது என்று பெயர் வாங்கியிருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வார்ஃபரினோடு சேரும்போது ஐ.என்.ஆரை ஏற்றக்கூடியது, மனச்சோர்வு மாத்திரை எடுப்பவருக்கு செரடோனின் கூடிப்போகும் ஆபத்து, வலிப்பு வரும் வாய்ப்பு, சோடியம் குறைதல், இவ்வளவையும் மென்மை என்ற பெயரில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக்ஸிகோடோன், ஹைட்ரோமார்ஃபோன் இரண்டும் குறுகிய காலத்துக்கு மார்ஃபினைவிடச் சமாளிக்க எளிது, ஆனால் மின்கம்பித் தொற்றில் பூஞ்சை இருக்கிறது என்று ஃப்ளூகனசோலோ வோரிகனசோலோ தொடங்கினால் ஆக்ஸிகோடோனின் அளவு ரத்தத்தில் ஏறும், கூடவே வார்ஃபரினும் ஏறும். ஒரே புது மாத்திரை, இரண்டு பக்கமும் அடி.

ஃபென்டனில் பேட்ச் சிறுநீரகத்துக்கு நல்லது, ஆனால் ஏறவும் இறங்கவும் நேரமெடுக்கும், பிய்த்தெடுத்த பிறகும் தோலுக்கடியில் தேங்கியது பல மணி நேரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அதைவிட முக்கியமாக, காய்ச்சலில் உடம்பு சூடேறினால் பேட்ச்சிலிருந்து மருந்து வேகமாக இறங்கும். தொற்றும் காய்ச்சலும் எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய உடம்பில் இதை ஒட்டிவிட்டு மறந்துபோகிற மாதிரி இருக்கக் கூடாது. ஓபியாய்டுக்குப் பழகாத ஆளுக்கு இது கூடவே கூடாது. மெத்தடோன் நீண்ட நேரம் நிற்கும், எவ்வளவு நேரம் என்பது ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும், இதயத்தின் மின்துடிப்பை நீட்டி ஆபத்தான தாளக்கோளாறுக்கு வழி விடும். பம்ப் நோயாளிகளில் கணிசமானவர்கள் தாளக்கோளாறுக்கு அமியோடரோன் எடுப்பவர்கள், அதுவும் அதையே செய்யும்.

நீண்ட காலத்துக்கு ஓபியாய்டு தவிர்க்க முடியாது என்ற நிலை வந்தால் என் மனசு பியூப்ரனார்ஃபின் பக்கம்தான் சாயும். அளவு கூடக் கூட மூச்சை அடக்கும் விளைவு ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் நிற்கும் தன்மை அதற்கு உண்டு, தூக்க மாத்திரையோ மதுவோ சேராதவரை. சிறுநீரகம் பழுதானாலும் அளவைப் பெரிதாக மாற்ற வேண்டாம். துடிப்பை நீட்டும் வேலையும் மெத்தடோனைவிடக் குறைவு. வாரம் ஒருமுறை மாற்றும் பேட்ச்சாகவும் கிடைக்கிறது, காய்ச்சல் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். ஏற்கனவே வேறு ஓபியாய்டில் இருப்பவருக்கு இதைத் தடாலடியாகத் தொடங்கினால் பழகிய மருந்து திடீரென்று நின்றால் வரும் விலகல் அறிகுறிகளில் கொண்டுபோய் விடும், தெரிந்தவர்தான் மாற்றித்தர வேண்டும்.

நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டினும் பிரிகாபாலினும் ஓபியாய்டுக்கு மாற்று என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலிக்கு அவை நல்ல மருந்துகள்தான். சிறுநீரகத்துக்குத் தக்க அளவு குறைக்க வேண்டும், காலில் நீர் கோர்க்கும், அது வலது இதயத் தளர்ச்சியின் வீக்கமா மாத்திரையின் வீக்கமா என்று மருத்துவரையே குழப்பும். ஓபியாய்டோடு சேர்த்துக் கொடுத்தால் மூச்சு மேலும் மந்தமாகும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019-ல் எச்சரிக்கையே விட்டது. இரண்டையும் சேர்த்தால் ஓபியாய்டின் அளவு குறையுமே என்ற கணக்கு பம்ப் நோயாளிக்கு அப்படியே பொருந்தாது. மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் டூலாக்ஸெடீன் ரத்தக்கசிவு வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், கோடீனையும் டிராமடாலையும் வேலை செய்யவிடாமல் தடுக்கவும் செய்யும். அதே வேலைக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் தாளக்கோளாறு காரணமாக ஒதுக்கப்படுவதே வழக்கம்.

மாத்திரை இல்லாத வழிகளில்தான் நாங்கள் குறைவாக முயன்றோம், அது தப்பு என்று இப்போது தெரிகிறது. வலிக்கும் இடத்தில் ஒட்டும் லிடோகைன் பேட்ச் ரத்தத்தில் பெரிதாகக் கலப்பதில்லை. அண்ணனின் பல் வலியும் கடைசியில் இப்படித்தான் தீர்ந்தது: பம்ப் குழுவுக்குப் போன் செய்தோம், பல் மருத்துவர் நீண்ட நேரம் நிற்கும் மரப்பு ஊசியைப் போட்டார், வீட்டில் ஐஸ் ஒத்தடமும் பாரசிட்டமாலும், இரண்டு மாத்திரையும் வாங்கவே இல்லை. முதுகுத்தண்டில் போடும் எபிடூரல் ஊசி வார்ஃபரினில் இருக்கும்போது கிடையாது, தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டினால் கால் போய்விடும். ஆனால் மார்புச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே போடும் மரப்பு ஊசிகளை அறுவை சிகிச்சை சமயத்தில் பல மையங்கள் பயன்படுத்துகின்றன, ஓபியாய்டு தேவையை அது குறைக்கும் என்பதால் அறுவைக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். பிசியோதெரபி நிச்சயம் உண்டு, தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி மட்டும் முடியாது, பம்ப் வைத்தவர் நீரில் மூழ்கக் கூடாது. மின்தூண்டல் கருவிகளை பம்ப் குழுவைக் கேட்காமல் மாட்ட வேண்டாம், தாளம் தப்பினால் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் உடம்பில் இருந்தால் அது தவறாகப் புரிந்துகொள்ளும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பவர்களுக்கு. 2018-ல் வந்த ஸ்பேஸ் ஆய்வு, நாள்பட்ட முதுகுவலியும் இடுப்பு, முழங்கால் தேய்மானமும் உள்ள 240 பேரை ஓராண்டு பார்த்தது. அன்றாட வேலை செய்யும் திறனில் ஓபியாய்டு எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. ஆனால் அதைப் பம்ப் நோயாளிக்கு அப்படியே கொண்டுவர முடியாது, ஓபியாய்டு இல்லாத அந்தக் குழுவின் கையில் ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் இருந்தன, நம்மிடம் அவை இல்லை. 2023-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓபல் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது: புதிதாக வந்த கீழ்முதுகு, கழுத்து வலிக்கு ஓபியாய்டை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள், ஓபியாய்டு வெற்று மாத்திரையை ஜெயிக்கவில்லை. பிடித்துக்கொண்ட முதுகுக்கு ஆக்ஸிகோடோன் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே ஆதாரம். பம்ப் நோயாளிகளின் பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்து, ஓபியாய்டு எடுத்தவர்களுக்குத் தொற்றும், மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் எப்படி என்று எண்ணும் கட்டுரைகளைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அதிகம் நோயுற்றவருக்குத்தான் அதிகம் வலிக்கும், அதிகம் வலிப்பவருக்குத்தான் ஓபியாய்டு எழுதுவார்கள். மாத்திரை கெடுத்ததா, கெட்டதால் மாத்திரை வந்ததா என்பதை அந்த வகைப் பதிவால் மட்டும் பிரிக்க முடியாது.

பம்ப் வைப்பதற்கு முன்பே ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். குழுவிடம் மறைக்காதீர்கள். பம்ப் கிடைக்காது, மாற்று இதயப் பட்டியலில் பெயர் வராது என்று பயந்து சிலர் மறைத்துவிட்டு, அறுவைக்கு முதல் நாள் ஒரேயடியாக நிறுத்துகிறார்கள். விலகல் அறிகுறியில் அழுத்தமும் துடிப்பும் எகிறும், வாந்தியும் பேதியும் உடம்பை வறட்டும், பம்புக்குப் பிடிக்காத இரண்டும் ஒரே சமயத்தில். சட்டென்று நிறுத்தக் கூடாது, மெல்லக் குறைக்க வேண்டும் என்று 2019-லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் சொல்லிவிட்டது. அடிமைத்தனமாகவே ஆகிவிட்டிருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு, சிகிச்சையில் இருப்பவர் மறைத்து எடுப்பவரைவிட எவ்வளவோ பாதுகாப்பானவர். ஊசி வழியாக எடுப்பது மட்டும் முற்றிலும் வேறு கதை. ரத்தத்தில் கிருமி ஒருமுறை பம்பில் போய் ஒட்டிவிட்டால் அதை மருந்தால் துடைத்தெடுப்பது மிகக் கடினம்.

ஆக, நான் பம்ப் குழுவிடம் வைக்கும் கணக்கு இதுதான். அறுவைக்குப் பிந்திய வாரம் என்றால் பாரசிட்டமாலும் மரப்பு ஊசியும் அடித்தளம், அதன் மேல் தேதி போட்ட குறுகிய ஓபியாய்டு. மின்கம்பி வெளிவரும் இடத்தில் புதிதாக வலி என்றால் மாத்திரையே இல்லை, முதலில் அந்த இடத்தைக் காட்ட வேண்டும், வலியை அடக்கிவிட்டால் சீழ் தெரியாமல் போகும். திடீர் வயிற்று வலி, காய்ச்சலோடு முதுகுவலி, புது மாதிரியான தலைவலி மூன்றும் இதே ரகம். முழங்காலும் முதுகும் என்றால் பாரசிட்டமால், பிசியோதெரபி, லிடோகைன் பேட்ச், இவை போதவில்லை என்று உண்மையாகத் தெரிந்த பிறகு பியூப்ரனார்ஃபின், ஒரே மருத்துவர் கையால், ஒரே மருந்துக்கடையிலிருந்து. நலாக்ஸோன் வீட்டில் இருக்க வேண்டும், அது இருக்கும் இடம் எடுப்பவரைத் தவிர வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது.

கடைசிக் கட்டத்தில் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். புற்றுநோயோ பெரிய பக்கவாதமோ வந்து, இனி பம்பை நிறுத்திவிடலாம் என்று நோயாளியும் குடும்பமும் முடிவெடுக்கும்போது, மேலே சொன்ன பயங்கள் எதுவும் பொருந்தாது. அங்கே ஓபியாய்டுதான் முதல் மருந்து, மூச்சுத்திணறலுக்கும் அதுவே. பம்பை நிறுத்துவதற்கு முன்பே அதைக் கொடுத்து, அது வேலை செய்யும்வரை காத்திருந்து, ஆள் அமைதியாக இருக்கிறார் என்று பார்த்த பிறகுதான் நிறுத்துவார்கள். அலாரத்தையும் அதற்கு முன்பே அடக்கிவிடுவார்கள், வீட்டார் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டியதில்லை.